50 வயதில் ஓடும்போது இதயத் துடிப்பு எந்த அளவில் இருக்க வேண்டும்?

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலையில் ஓடும் தாங்கள், 50 வயதில் துடிப்பை எந்த அளவில் வைத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். 220இலிருந்து வயதைக் கழித்தால் வரும் 170, உச்சத் துடிப்பின் தோராயமே. ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் கூடலாம், குறையலாம். அந்த 170இல் 60 முதல் 70 விழுக்காடு, அதாவது நிமிடத்துக்கு 102 முதல் 119 வரை, மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே செல்லக்கூடிய இரண்டாம் மண்டலம் (துடிப்பை வைத்துப் பயிற்சியின் கடுமையைப் பிரிக்கும் படிகளில் இரண்டாவது). இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை அனுப்பவும், தசைகள் கொழுப்பை எரிபொருளாக்கவும் இந்த நிதானத்தில் நன்கு பழகுவதால், வாரப் பயிற்சியின் பெரும்பகுதி இங்கேயே அமைய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தொடக்கத்தில் இதற்கு வேக நடையே போதுமானதாக இருக்கலாம். அக்கினி நட்சத்திர வெயிலில், உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் இரத்தம் பாய வேண்டியிருப்பதால், அதே வேகத்திலும் துடிப்பு ஏறிவிடும். அப்போது வேகத்தைத்தான் குறைக்க வேண்டும். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை உட்கொள்வோருக்கு இக்கணக்கு பொருந்தாது. அவர்கள் மருத்துவரிடம் கேட்பது அவசியம்.