பெயரில்லாத சாக்ஸபோனை வாங்கலாமா?

கேள்வி: கத்ரி கோபால்நாத் வாசிப்பைக் கேட்டுக் கேட்டு என் மகளுக்கு சாக்ஸபோன் கற்க ஆசை வந்துவிட்டது. எங்கள் ஊர் சர்ச் பேண்டில் இருந்த ஒரு பழைய ஆல்டோ வகை சாக்ஸபோன் 9,000 ரூபாய்க்கு வருகிறது. கம்பெனி பெயர் இல்லை, நம்பரும் இல்லை. எல்லா பேடும் மாற்ற இன்னொரு 10,000 ஆகும் என்கிறார் ரிப்பேர்காரர். வாங்கலாமா?
- ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஆனால் பெயர் இல்லை என்பதற்காக மட்டும் அல்ல. 1920களில் அமெரிக்காவின் கான், பியூஷர், மார்ட்டின் கம்பெனிகளே கடைக்காரர்கள் கேட்ட பெயரைப் பொறித்து நிறைய சாக்ஸபோன் செய்து கொடுத்தார்கள், அவற்றில் அருமையானவை இன்றும் வாசிக்கப்படுகின்றன. ஆனால் அவற்றின் பின்பக்கம், கட்டைவிரல் வைக்கும் இடத்தருகே, பெரும்பாலும் வரிசை எண் இருக்கும். உங்களுக்கு வருவதில் அதுவும் இல்லை என்கிறீர்களே.

பேட் பெரிய பிரச்சினை இல்லை. துளைகளை மூடும், தோல் போர்த்திய வட்டம்தான் அது, ஆல்டோவில் ஏறக்குறைய 25 இருக்கும், எவ்வளவு நல்ல வாத்தியமானாலும் ஒருநாள் மாற்றத்தான் வேண்டும். எனக்குப் பயம், விரலால் அழுத்தும் கீகளின் உலோகம். மலிவாகச் செய்த பல வாத்தியங்களில் அது மெத்தென்று இருக்கும், புது பேட் போட்டு எல்லாத் துளையும் அடையும்படி சரிசெய்து கொடுத்தாலும் கொஞ்ச நாள் அழுத்தி வாசித்ததும் கீ வளைந்து மறுபடி காற்று கசியும். கசிந்தால் கீழ் ஸ்வரங்கள் வராது. பிள்ளை தன் மூச்சுதான் போதவில்லை என்று நினைத்து இன்னும் பலமாக ஊதும், கடைசியில் வாத்தியத்தையே வெறுத்துவிடும். கமகத்துக்குக் கீயை மெல்லத் திறந்து மூடவும் வேண்டும், ஆடுகிற கீயில் அது எப்படி வரும்?

இருந்தாலும் மனசு கேட்கவில்லை என்றால், வாசிக்கத் தெரிந்த ஒருவரை அவருடைய மவுத்பீஸோடு (வாயில் வைத்து ஊதும் பகுதி) அழைத்துப் போங்கள். கீகளைப் பிடித்து அசைத்துப் பார்க்கட்டும், கடகடவென்று ஆடினால் அங்கேயே விட்டுவிடுங்கள். மவுத்பீஸ் மாட்டும் கழுத்துக் குழாய் இயல்பான வளைவை விடக் கீழ்நோக்கி வளைந்துபோயிருக்கிறதா என்றும் பாருங்கள். பளபளப்பு போயிருந்தால் பரவாயில்லை, ஒலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஸ்ருதிதான் முக்கியம்: போனில் ஸ்ருதி காட்டும் ட்யூனர் வைத்து ஒரே ஸ்வரத்தைக் கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் வாசிக்கச் சொல்லுங்கள், பழகியவர் வாசித்தும் மேலே ரொம்பக் கூடிப்போனால் அதை எந்தப் பேடும் திருத்தாது.

அப்புறம் ரிப்பேர்காரரிடம் ஒன்று கேளுங்கள்: "நீங்கள் சரிசெய்தால் ஆறு மாதம் நிற்குமா?" அவர் தயங்கினால் அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். மொத்தச் செலவு 19,000. அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, பழைய யமஹா ஒய்ஏஎஸ்-23 மாதிரி ஒன்றுக்குக் காத்திருக்கலாம், உதிரி பாகம் கிடைக்கும், ரிப்பேர்காரர்களுக்கும் பழக்கமானது. அதுவரை வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். மவுத்பீஸ் மட்டும் இப்போதே நல்லதாக வாங்கிவிடலாம். யமஹா 4சி போதும், நாளை எந்த ஆல்டோ வந்தாலும் அதில் போட்டுக்கொள்ளலாம்.