ஓபர்லின் - மிச்சிகன் 1892: எந்த ஸ்கோரை எழுதுவது?

அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன் பற்றிய கட்டுரைக்காகத் தேடியதில், 1892-இல் ஓபர்லின் மிச்சிகனோடு மோதிய ஆட்டத்துக்கு 24-22, 26-24 என இரண்டு முடிவுகள் கிடைப்பதாகக் கேட்டிருந்தீர்கள். உங்கள் தேடலில் தவறில்லை, இரண்டையுமே எழுதுங்கள்.

ஓபர்லின் சின்னக் கல்லூரி. ஹைஸ்மன் பயிற்சியாளரான முதல் வருடம் அது. மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரில் ஓபர்லின் 24-22 என முந்தியிருந்தபோது, ஓபர்லின் தரப்பு நடுவர் நேரம் முடிந்தது என்றார். பையன்கள் ரயிலைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள். மிச்சிகன் தரப்பு நடுவரோ இன்னும் நான்கு நிமிடம் பாக்கி என்றார். தடுக்க ஆளில்லாத மைதானத்தில் மிச்சிகன் வீரர் பந்தோடு நடந்தே போய் எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டினார். இப்படிக் கோட்டைக் கடப்பதுதான் டச்டவுன்; அதற்கு அப்போது 4 புள்ளி, அப்படித்தான் மிச்சிகனுக்கு 26-24. இன்றும் இரு தரப்பும் வெற்றி தங்களுடையது என்றே சொல்கின்றன.

அதே பருவத்தில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியை ஓபர்லின் பையன்கள் 40-0, 50-0 என இருமுறை வீழ்த்தினார்களே, அதை விட்டுவிடாதீர்கள். எனக்கு அதுதான் பெரிது.