கடலில் கால் வைக்கும் முன்: மெரினா, பெசன்ட் நகர் பற்றி வாசகர் கேள்விகள்

கோடை விடுமுறை நெருங்குவதால் இந்த இதழின் கேள்விகள் பெரும்பாலும் சென்னைக் கடற்கரை பற்றியே வந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

மே மாதம் பிள்ளைகளோடு சென்னைக்கு வருகிறோம். மெரினாவில் கூவம் கலக்கிறது என்கிறார்கள். பெசன்ட் நகரில் குளிக்கலாமா?
(திருவண்ணாமலை வாசகி)

இரண்டு இடத்திலும் குளிக்க வேண்டாம். இரண்டிலும் காவல்துறையின் தடை இருக்கிறது, அதற்கான காரணத்தைக் கீழே வேறொரு பதிலில் விரிவாகச் சொல்கிறோம். முதலில் அழுக்கு விஷயத்தைப் பார்ப்போம். எந்தக் கடற்கரை சுத்தம் என்பது மாதத்துக்கு மாதம் மாறும்.

தெற்கிலிருந்து வடக்கே வரிசையாக நினைத்துப் பாருங்கள்: பெசன்ட் நகர், ஊரூர் ஆல்காட் குப்பம், அடையாறு முகத்துவாரம், பட்டினப்பாக்கம், சாந்தோம், மெரினா, அண்ணா நினைவிடம், கூவம் முகத்துவாரம், துறைமுகம். ஆற்று நீர் கடலில் விழுந்ததும் நேராக ஆழத்துக்குப் போய்விடுவதில்லை. கரையை ஒட்டி ஓடும் நீரோட்டம் அதைப் பக்கவாட்டில் இழுத்துப் போகும். ஏறத்தாழ மார்ச் முதல் செப்டம்பர் வரை இந்த ஓட்டம் வடக்கு நோக்கி, அக்டோபர் முதல் பிப்ரவரி வரை தெற்கு நோக்கி. ஆகவே மே மாதத்தில் அடையாற்றுக் கழிவு பட்டினப்பாக்கம், சாந்தோம் பக்கம் போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதே கழிவு பெசன்ட் நகருக்குத் திரும்பும், கூவத்து நீர் மெரினாவின் வடமுனைக்கு இறங்கும். மே மாதத்தில் பெசன்ட் நகர் ஒப்பீட்டில் தேவலை என்பது உண்மைதான். நவம்பரில் அப்படிச் சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. கோடையில் ஆற்றில் ஓட்டம் குறைந்ததும் அலைகள் மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தை அடைத்துவிடும். உள்ளே கழிவுநீர் வாரக்கணக்கில் தேங்கி அழுகும். ஒரு கோடை மழை அந்த மணல் திட்டை உடைத்தாலோ, பொக்லைன் வைத்து வெட்டிவிட்டாலோ, அத்தனை நாள் தேங்கியது சில மணி நேரத்தில் கடலுக்கு வந்துவிடும். கரையில் நின்று பார்த்தால் பழுப்பு அலைக்கும் நீலத் தண்ணீருக்கும் நடுவே கோடு கிழித்தது போலக் கறுப்பு நீர் தெரியும், அழுகிய முட்டை நாற்றம் வரும், சின்ன மீன்கள் செத்து ஒதுங்கும். நல்ல மழை பெய்த பிறகும் இப்படித்தான். மூன்று நாள் முழுதாகக் கழியும்வரை முகத்துவாரத்துக்கு இரு பக்கமும் கால்கூட நனைக்காதீர்கள்.

"கடல் உப்பில் எந்தக் கிருமியும் நிற்காது" என்று என் மாமனார் அடித்துச் சொல்கிறார். சரியா?
(விழுப்புரம் வாசகர்)

பாதி சரி. வெயிலும் உப்பும் சேர்ந்தால் ஈ.கோலை போன்ற குடல் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்திலேயே பெருமளவு செத்துப்போகும். வெயில் இல்லாத இரவிலும், கலங்கிய நீரிலும் அவை நீடிக்கும். என்டரோகாக்கஸ் என்ற இன்னொரு குடல் பாக்டீரியா உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். வாந்தி பேதி, மஞ்சள் காமாலை தரும் வைரஸ்கள் அதைவிட நாள்பட உயிரோடிருக்கும். மெரினா போன்ற இடத்தில் கழிவு ஒரு முறை கலந்துவிட்டு நிற்பதில்லை, நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கிறது. உப்பு கொல்லும் வேகத்தைவிட ஆறு கொண்டுவரும் வேகம் அதிகமாக இருக்கும்போது உப்பை நம்பிப் பயனில்லை.

பிள்ளைகளைப் பற்றித்தான் கூடுதல் கவலை. நீச்சல் குளத்தில் அளந்து பார்த்த ஓர் ஆய்வில், முக்கால் மணி நேரத்தில் பெரியவர்கள் சராசரியாக 16 மி.லி. தண்ணீர் விழுங்கினார்கள், சிறுவர்கள் 37 மி.லி. அதாவது டீக்கடைச் சின்ன கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அலை முகத்தில் அடிக்கும் கடலில் அதைவிடக் குறைவாக விழுங்குவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

சர்க்கரை நோய், கல்லீரல் நோய் உள்ளவர்கள் உடம்பில் ஆறாத புண்ணோ, வெட்டுக்காயமோ இருந்தால் கடல் நீரே படக்கூடாது. வெதுவெதுப்பான கடல் நீரில் இயற்கையாகவே வாழும் விப்ரியோ வகைக் கிருமிகள் காயம் வழியாக உள்ளே போகும். காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, கடுமையான வலி, நீர்க்கொப்புளம், காய்ச்சல் ஆகியவை ஓரிரு நாளுக்குள் தெரிந்தால் அது சாதாரணச் சீழ்ப்புண் அல்ல. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய், கடலில் இறங்கியதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

தண்ணீரில் இறங்கவே மாட்டோம், குழந்தை மணலில்தான் விளையாடும். அதில் என்ன ஆபத்து?
(காஞ்சிபுரம் வாசகி)

ஈர மணலில் குடல் கிருமிகள் தண்ணீரைவிட அதிகமாகவே தங்கும், ஏனென்றால் அங்கே வெயில் உள்ளே இறங்காது. சுண்டல் சாப்பிடும் முன் கையை வெறும் தண்ணீரில் அலசினால் போதாது, சோப்பு வேண்டும். இரண்டு லிட்டர் நல்ல தண்ணீரும் ஒரு சின்ன சோப்பும் பையில் இருக்கட்டும்.

அலை எட்டாத காய்ந்த மணலில், குறிப்பாகப் படகு நிழலிலும் கடைகளின் பின்புறமும், நாய்கள் படுத்துக் கழித்த இடத்தில் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் இருக்கலாம். அவை தோலில் நுழைந்தால் சில நாளில் நூல் போன்ற சிவப்புக் கோடு நெளிந்து நெளிந்து நகரும், அரிப்பு தாங்காது. தோல் மருத்துவர் தரும் புழு மாத்திரையில் குணமாகும். குழந்தையைச் செருப்போடு விடுங்கள், உட்காரத் தடிமனான விரிப்பு போடுங்கள்.

எங்கள் குடியிருப்போர் சங்கம் கடல் நீரைப் பரிசோதித்தது. மலக் கோலிஃபார்ம் ">1600 எம்.பி.என்." என்று அறிக்கை வந்தது. இதை எப்படிப் புரிந்துகொள்வது?
(திருவான்மியூர் வாசகர்)

மலக் கோலிஃபார்ம் என்பது மலம் கலந்திருப்பதைக் காட்டும் குடல் கிருமிகள். எம்.பி.என். என்பது 100 மி.லி. நீரில் அவை எத்தனை இருக்கக்கூடும் என்ற கணிப்பு. குளிக்கும் கடல் நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் வரையறை, 100 மி.லி. நீரில் மலக் கோலிஃபார்ம் 100. அதோடு கரைந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு 4 மி.கிராமுக்குக் குறையக்கூடாது, கழிவைச் சிதைக்கக் கிருமிகள் எடுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜன் அளவான பி.ஓ.டி. 3 மி.கிராமைத் தாண்டக்கூடாது. உங்கள் எண் வரையறையைப் போல 16 மடங்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வழக்கமான ஐந்து குழாய்ச் சோதனையில் எல்லாக் குழாயிலும் கிருமி வளர்ந்துவிட்டால் ">1600" என்றுதான் எழுத முடியும். உண்மையில் அது 2,000 ஆக இருக்கலாம், 2 லட்சமாகவும் இருக்கலாம். "பத்து மடங்கு, நூறு மடங்கு நீர்த்து மறுபடி பாருங்கள்" என்று ஆய்வகத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். என்டரோகாக்கஸையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடலுக்கு அதுதான் நம்பகமான அளவுகோல். சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைகளுக்குத் தரப்படும் புளூ ஃப்ளாக் என்ற சர்வதேசச் சான்றுக்கு 100 மி.லி.யில் 100 வரை அனுமதி, அமெரிக்காவில் பல மாதிரிகளின் சராசரி 35.

மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. மினரல் வாட்டர் பாட்டிலை அலசி எடுத்துப் போகாதீர்கள், ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டில்தான் வேண்டும். காலை 8 மணிக்குள் எடுங்கள். மதியம் எடுத்தால் வெயில் பாதி வேலையைச் செய்து முடித்திருக்கும், அறிக்கை பொய்யாக நல்ல பெயர் வாங்கும். முழங்கால் ஆழத்துக்கு மேல் போகத் தேவையில்லை. துணைக்கு ஒருவர் இடுப்புக் கயிற்றைக் கரையிலிருந்து பிடித்திருக்கட்டும். கால் கிளப்பிய மணல் அடங்கட்டும். மூடியின் உட்புறத்தைத் தொடாமல் திறந்து, பாட்டிலைத் தலைகீழாக ஒரு சாண் ஆழத்துக்கு அமிழ்த்தி, அலை வரும் திசைக்கு வாயைத் திருப்பி நிரப்புங்கள். மேலே இரண்டு விரல் காலி இடம் விட்டு மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேருங்கள். ஒரு நாள் எடுத்த ஒரு பாட்டிலை வைத்து மாநகராட்சியோடு வாதாட முடியாது. ஒரே இடத்தில் ஒரு மாதத்தில் ஐந்து மாதிரி, எடுத்த நேரம், மழை பெய்ததா, காற்று எந்தப் பக்கம் என்ற குறிப்போடு இருந்தால்தான் அது ஆதாரம்.

பட்டினப்பாக்கத்தில் மழைக்காலத்தில் வெள்ளை நுரை மலைபோல் ஒதுங்குகிறதே, அது என்ன?
(மயிலாப்பூர் வாசகி)

2019 நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் நாடே பார்த்த காட்சி அது. ஆற்றில் தேங்கிய சோப்புத்தூள் கழிவும் அழுகிய கரிமப் பொருளும் முதல் பெருமழையில் மொத்தமாகக் கடலுக்கு வர, அலைகள் அதைக் கடைந்து நுரையாக்குகின்றன. கடலில் பாசி நுண்ணுயிர்கள் செத்தாலும் இயற்கையாக நுரை வரும், ஆனால் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் மழையோடு வரும் நுரையைச் சாக்கடை நுரையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அதில் இறக்கிப் படம் எடுக்காதீர்கள். தோல் எரிச்சலும் கண் சிவப்பும் வரும், அதன் அடியில் பள்ளமோ உடைந்த பாட்டிலோ இருந்தாலும் தெரியாது.

முழங்கால் தண்ணீரில் நின்றவர்களைக்கூட மெரினா இழுத்துவிடுகிறது. ஏன்?
(வேலூர், சேலம், தருமபுரி வாசகர்கள்)

மெரினாவின் கரைச்சரிவு செங்குத்தானது. நாலு எட்டு முன்னே வைத்தால் முழங்கால் ஆழம் மார்பு ஆழமாகிவிடும். அலை தூரத்தில் உடைந்து தளர்ந்து வருவதில்லை, காலடியிலேயே உடைகிறது. ஏறிய தண்ணீர் அத்தனையும் அதே சரிவில் வேகமாக இறங்கும்போது குதிகாலுக்கு அடியில் மணல் பறிபடுவதை யார் நின்றாலும் உணரலாம். இரண்டாவது அலைக்குள் கால் அரை அடி புதைந்திருக்கும். அந்த நிலையில் மூன்றாவது அலை முதுகில் அடித்தால் விழத்தான் வேண்டும். ஜீன்ஸும் சேலையும் நனைந்தபின் எழுவது கடினம்.

அதைவிட மோசமானது கடலுக்குள் இழுக்கும் ஓட்டம். அலைகள் கரையில் குவித்த நீர், மணல் திட்டுகளுக்கு நடுவே உள்ள பள்ளம் வழியாகத் திரும்பி ஓடும். ஊர்க்காரர்கள் "இழுப்பு" என்பது இதைத்தான். இரு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, சற்றுக் கறுத்து, நுரையும் மணலும் கடலை நோக்கிப் போவதாகத் தெரியும். அலை இல்லையே என்று குடும்பங்கள் தேடிப்போய் இறங்குவது அங்கேதான். அலை உடையாத இடம் ஆழமான இடம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

சிக்கிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள். தேர்ந்த நீச்சல்காரரையும் அது களைக்க வைத்துவிடும். அது வெளியே இழுக்குமே தவிர அடியில் அமுக்காது. மல்லாந்து மிதந்து, ஒரு கையை உயர்த்தி அசையுங்கள். மூச்சு சீரானதும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் 20, 30 மீட்டர் போனால் அலை உடையும் இடம் வரும். அந்த அலையே கரைக்குத் தள்ளும்.

நல்ல நீச்சல் தெரியும் என்பதும் காவல் அல்ல. பெசன்ட் நகரில் நிற்கும் வெள்ளை வளைவு, 1930-இல் பிறரைக் காப்பாற்றப்போய் உயிரிழந்த ஷ்மிட் என்ற டென்மார்க் மாலுமியின் நினைவுச் சின்னம். வானிலை தெளிவாக இருப்பதையும் நம்ப முடியாது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரைக் கொண்டுபோனது, தொலைதூரத் தென்கடலில் கிளம்பிக் காற்றே இல்லாமல் வந்து சேரும் கள்ளக்கடல் அலை. கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் ஹைதராபாத்தின் இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. புறப்படும் முன் அதைப் பாருங்கள்.

யாராவது மூழ்கினால் கரையில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?
(செங்கல்பட்டு வாசகர்)

பின்னாலேயே குதிக்காதீர்கள், கை கோத்துச் சங்கிலியாகவும் இறங்காதீர்கள். ஒருவர் கால் தவறினால் சங்கிலியே போய்விடும். மிதக்கும் பொருளை வீசுங்கள். மூடி இறுகிய ஐந்து லிட்டர் காலி கேன் ஒன்றே பெரியவரின் தலையை நீருக்கு மேல் தாங்கும். அதில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுக்கொண்டால் எறியும்போது காற்றில் பறக்காமல் தூரம் போகும். கைப்பிடியில் கயிறு கட்டியிருந்தால் இழுத்தும் விடலாம். அதே நேரம் இன்னொருவர் 108-க்கோ, கடலோரக் காவலின் 1093-க்கோ கூப்பிடட்டும்.

வெளியே எடுத்ததும் தலைகீழாகத் தூக்குவது, வயிற்றை அமுக்குவது இரண்டும் வேண்டாம். வயிற்றுத் தண்ணீர் மேலேறி மூச்சுக்குழலுக்குள் போகும், நேரமும் வீணாகும். மூச்சு இல்லையென்றால் மல்லாத்தி, நெற்றியைப் பின்சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். அதன்பின் நெஞ்சின் நடுவில் 5 செ.மீ. ஆழம் அமுங்கும்படி 30 அழுத்தம், இரண்டு மூச்சு. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்ற வேகம். வாயில் நுரை வந்தால் துடைத்துக்கொண்டிருக்க வேண்டாம், அதன் மேலேயே ஊதுங்கள். வாந்தி வந்தால் மட்டும் பக்கவாட்டில் திருப்பித் துடையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். கண் விழித்து "எனக்கு ஒன்றுமில்லை" என்றாலும் மருத்துவமனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். நுரையீரலில் போன நீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறல் தரும்.

அப்படியானால் சென்னைப் பக்கம் எங்கேதான் குளிப்பது?
(ஆரணி வாசகர்)

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 40 கி.மீ. தெற்கே உள்ள கோவளம் 2021-இல் புளூ ஃப்ளாக் சான்று பெற்றது. அங்கே குளிக்கும் பகுதி தனியாகப் பிரித்துக் காட்டப்பட்டிருக்கும். உயிர்காப்பாளர் பணியில் இருக்கும் நேரத்தை முதலில் விசாரித்து, எல்லைக்குள் மட்டும், இடுப்பளவோடு நில்லுங்கள். சிவப்புக் கொடி ஏற்றியிருந்தால் அன்று மணலோடு சரி. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையோடு இறங்கும் பெரியவர் கையில் போன் இருக்கக்கூடாது. பிள்ளை எப்போதும் கை எட்டும் தூரத்திலும், பெரியவர் எப்போதும் பிள்ளைக்குக் கடல் பக்கத்திலும் இருக்க வேண்டும்.