வண்டி தாமதமா, தண்ணீர் தாமதமா?

கேள்வி: எங்கள் தோட்டத்தில் லயத்து (தொழிலாளர் வரிசை) வீடு ஒன்று எரிந்துபோனது. கூப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் பொம்பா (தீயணைப்புப் படை) வந்தது. மாவட்ட மன்றத்தில் புகார் கொடுத்தால், ‘எங்கள் வேலை இல்லை’ என்கிறார்கள். யாரைக் கேட்பது?
– வாசகர், பேராக்

பதில்: மன்றம் சொன்னது சரிதான். மலேசியாவில் தீயணைப்பு மீட்புத் துறை கூட்டரசு (மத்திய அரசு) இலாகா. 1988ஆம் ஆண்டின் தீயணைப்புச் சேவைச் சட்டத்தின்கீழ் (சட்டம் 341) இயங்குகிறது. உங்கள் கடிதம் நிலையத் தலைவருக்குப் போகட்டும், நகல் மாநில இயக்குநருக்கு. துறையின் இணையப் புகார் முறையான ‘சிஸ்பா’விலும் பதியுங்கள், பதிவு எண் கையில் இருக்கும்.

ஆனால் ‘அரை மணி நேரம்’ என்று மொத்தமாக எழுதினால், ‘உடனே புறப்பட்டோம்’ என்று பதிலும் மொத்தமாகவே வரும். நேரத்தை உடைத்துக் கேளுங்கள். 999 என்ற அவசர எண்ணை எடுப்பது பொம்பா அல்ல, தொலைபேசி நிறுவனமான டெலிகோமின் ஊழியர். அவர்தான் அழைப்பைப் பொம்பாவுக்கு மாற்றுகிறார். அழைப்பு பொம்பாவின் கட்டுப்பாட்டு அறைக்கு எப்போது வந்தது, வண்டி எப்போது நிலையத்தை விட்டது, எப்போது தோட்டத்து கேட்டை அடைந்தது, முதல் தண்ணீர் எப்போது பாய்ந்தது? இந்த நான்கையும் எழுத்தில் கேளுங்கள். நீங்கள் அழைத்த நேரம் உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. அழிப்பதற்குள் படம் பிடித்து வையுங்கள். நிலையத்தில் மாட்டியிருக்கும் வாடிக்கையாளர் சாசனத்தையும் பாருங்கள். அதில் சொல்லும் நிமிடங்கள் எந்த நொடியில் எண்ணத் தொடங்குகின்றன, எத்தனை கிலோமீட்டருக்குள் பொருந்தும் என்பதுதான் முக்கியம்.

கேட்டுக்கு வந்தபிறகு ஆன தாமதம் பெரும்பாலும் பொம்பாவின் கணக்கில் சேராது. பூட்டிய கேட்டின் சாவி கிராணி (எழுத்தர்) வீட்டில், தண்ணீர் நிரம்பிப் பத்து டன்னுக்கு மேல் கனக்கும் வண்டியைத் தாங்காத சாக்கடைப் பாலம், லயத்து முனையில் குறுக்கே நிறுத்திய கார்: இவை நிர்வாகத்தைக் கேட்க வேண்டியவை. முதலாளி கொடுத்த வீடு என்றால், தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரம் பற்றிய 1990ஆம் ஆண்டின் சட்டம் 446-ம் உண்டு. அதற்குத் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள்.

கேள்வி: வண்டி வந்தும் சில நிமிடத்தில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. குழாயிலும் தண்ணீர் இல்லை. இது யார் குற்றம்?
– வாசகி, கெடா

பதில்: 2,000 லிட்டர் தொட்டியை நிமிடத்துக்கு 400 லிட்டராக அடித்தால் ஐந்தே நிமிடம். பலகை வீட்டுக்கு அது போதாது. அடுத்த தண்ணீர் எங்கே என்பதுதான் கேள்வி. பொதுச் சாலையில் உள்ள தீயணைப்புக் குழாயைச் சோதிப்பது பொம்பா, பழுதுபார்ப்பது தண்ணீர் நிறுவனம். தோட்டத்து எல்லைக்குள் இருப்பது தனியார் குழாய், அது நிலச் சொந்தக்காரர் பொறுப்பு. ‘குழாய் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். மூடி திருட்டுப் போனதா, வால்வு துருப்பிடித்து இறுகியதா, தார் போட்டபோது புதைந்ததா, திறந்தும் அழுத்தம் இல்லையா என்று குறிப்பிட்டு, இடத்தோடு படம் எடுத்து அனுப்புங்கள். நீங்களே திறந்து பார்க்க வேண்டாம்.

தோட்டத்தில் குளம் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். பம்ப் நிற்கும் தரைக்கும் நீர்மட்டத்துக்கும் ஏழு மீட்டருக்கு மேல் இறக்கம் இருந்தால் உறிஞ்ச முடியாது. வறட்சிக் காலத்தில் அளந்து பாருங்கள், மழைக்காலத்து அளவு ஏமாற்றும். பம்ப் இறக்கும் அளவுக்குக் கரை கெட்டியாக இருக்கிறதா என்பதை நிலையத்து ஆட்களே வந்து பார்ப்பது நல்லது. கூப்பிடுங்கள்.

கேள்வி: காப்புறுதிக்குத் தீ அறிக்கை எங்கே வாங்குவது?
– வாசகர், சிலாங்கூர்

பதில்: முதலில் போலீஸ் புகார். அதன் நகலோடும் அடையாள அட்டையோடும் பொம்பாவிடம் விண்ணப்பியுங்கள். விசாரணை முடியும்வரை எரிந்த இடத்தைக் கூட்டித் துடைக்காதீர்கள்.