செதிலைப் பிய்த்தால் வலிக்காதா?

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு ஐந்து வயது. 'வானவில் மீன்' கதையைப் படித்துக் காட்டினேன். தன் பளபளக்கும் செதில்களை ஒவ்வொன்றாகக் கொடுத்த பிறகுதான் அந்த மீனுக்குத் தோழர்கள் கிடைக்கிறார்கள். "செதிலைப் பிய்த்தால் மீனுக்கு வலிக்காதாம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் புதுக் கொலுசைக் கழற்றி பீரோவில் வைக்கச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் கொடுக்க வேண்டுமாம். பகிர்ந்துகொள்ளப் பழகட்டும் என்றுதானே படித்தேன்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வலிக்கும் என்றே சொல்லுங்கள். குழந்தை சரியாகத்தான் கேட்டிருக்கிறாள்.

சுவிட்சர்லாந்துக்காரரான மார்கஸ் ஃபிஸ்டர் எழுதி வரைந்து 1992இல் வந்த புத்தகம் அது. செதில்கள் நிஜமாகவே மினுங்கும்படி அச்சிட்டிருப்பார்கள். என் பேத்தி அதை விரலால் தடவிக்கொண்டே இருப்பாள். அலட்டிக்கொள்ளாதே என்று சொல்ல வந்த கதை, பாதியில் தடம் மாறிவிட்டது என்பேன்.

கதையின் தொடக்கத்துக்குப் போங்கள். அங்கே மற்ற மீன்கள் செதிலா கேட்கின்றன? விளையாட வா என்றுதான் கூப்பிடுகின்றன. இது காதில் வாங்காமல் மினுக்கிக்கொண்டு போகிறது. தப்பு அதுதான். திரும்பி வந்து "நானும் வரேன்" என்று சேர்ந்துகொண்டிருந்தால் போதும், ஒரு செதில்கூடக் குறைந்திருக்காது. ஆனால் அப்புறம் ஒரு குட்டி நீல மீன் செதில் கேட்கிறது, இது விரட்டுகிறது, எல்லாரும் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆக்டோபஸ் சொன்ன யோசனைப்படி ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, கடைசியில் தனக்கென ஒரே ஒரு செதிலோடு நிற்கிறது. "பென்சில் குடு, இல்லேன்னா உன்கூட டூ" என்று வகுப்பில் மிரட்டும் பிள்ளைக்கும் இந்த மீன்களுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஔவை இரண்டையும் போட்டுக் குழப்பவில்லை. ஆத்திசூடியில் 'இயல்வது கரவேல்' மூன்றாவது வரி, 'உடையது விளம்பேல்' ஐந்தாவது வரி. முடிந்ததை ஒளிக்காமல் கொடு என்பது ஒன்று, இருப்பதைத் தம்பட்டம் அடிக்காதே என்பது வேறொன்று. அந்த 'இயல்வது' எத்தனை கனிவான சொல்! உடம்பிலிருந்து பிய்த்துக் கொடுப்பது அதில் சேராது. சிபி சதையை அறுத்துக் கொடுத்தாரே என்றால், அது ஒரு புறாவின் உயிருக்காக. ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி இல்லை.

நாங்கள் கமர்கட்டைச் சட்டை நுனியில் சுற்றிக் காக்காக்கடி கடிப்போம். எச்சில் படாது. ஒருநாளும் சரிபாதியாக உடைந்ததில்லை. பெரிய துண்டு யாருக்கு என்று கொஞ்சம் இழுபறி நடக்கும், அப்புறம் இரண்டு பேர் வாயும் இனிக்கும்.

கொலுசை எடுத்துப் போட்டுவிடுங்கள். யாராவது ஆசையாகப் பார்த்தால் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம், கழற்றிக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். டப்பாவில் இரண்டு முறுக்கு கூடுதலாக வையுங்கள்.