‘ஏம்மா அந்தப் பொண்ணு கத்தல?’

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்திலிருந்து லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் எழுதிய ‘ஸ்பீக்’ என்ற ஆங்கில நாவலை எடுத்து வந்தாள். பாதி படித்தவள், நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்து, “ஏம்மா அந்தப் பொண்ணு கத்தல?” என்று கேட்டாள். வாங்கிப் புரட்டினால், விருந்துக்குப் போன ஒரு பெண்ணை மூத்த மாணவன் கெடுத்துவிடுகிறான். “நல்ல பொண்ணு அந்த நேரத்துல அங்க ஏன் போறா?” என்று சொல்லிவிட்டு, மறுநாளே புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பாலிடெக்னிக்கில் படிக்கும் மகனால் இந்தத் தொல்லை இல்லை, அவன் புத்தகமே தொடமாட்டான். இப்படிப்பட்ட கதைகளைப் பிள்ளைகள் கையில் கிடைக்கும்படி வைக்கலாமா? நூலகத்துக்குப் புகார் எழுதட்டுமா?
– ஒரு தாய், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: நூலகம் இருக்கட்டும், சகோதரி. மகள் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அவள் ஏன் கத்தவில்லை என்று கேட்டாள். நீங்கள் ஏன் போனாள் என்று திருப்பிக் கேட்டீர்கள். இதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் இதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

அந்த ஒரு வாக்கியத்தில் உங்கள் மகள் தெரிந்துகொண்டது இதுதான்: தனக்கு ஏதாவது நடந்தால் அம்மா முதலில் தன்னைத்தான் விசாரிப்பாள். இனி எது நடந்தாலும் அவள் யாரிடம் போவாள்? ஏதோ நடந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் கதையைப் படித்துக் குழம்பித்தான் கேட்டிருப்பாள். ஆனால் பிள்ளைகள் தங்கள் கதையை இன்னொருத்தியின் கதையாக்கிக் கேட்டுப் பார்ப்பதும் உண்டு. அதற்காகவாவது துணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டிருக்க வேண்டும்.

“அந்த நேரத்துல அங்க” என்கிறீர்களே, பெண்பிள்ளைகளிடம் அத்துமீறுகிறவர்களில் பெரும்பாலானோர் அவர்களுக்குத் தெரிந்தவர்கள்தான். துணைப்பாட வகுப்பிலோ, தீபாவளிக்கு உறவெல்லாம் கூடியிருக்கும் வீட்டின் உள்ளறையிலோ நடந்தால் அங்கே ஏன் போனாய் என்று கேட்பீர்களா? மானம் போக வேண்டியது செய்தவனுக்கு. தலைகுனிய வேண்டியது அவன் வீடு. இதை நம் குடும்பங்கள் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் எத்தனையோ பெண்கள் சாகும்வரை வாய் திறப்பதில்லை.

சரி, அவள் கேட்டதற்குப் பதில். பயம் உச்சத்துக்குப் போனால் உடம்பு விறைத்துவிடும், குரல் எழும்பாது. மருத்துவர்கள் நன்றாக அறிந்த விஷயம் இது. அப்படி உறைந்துபோனதை யாரும் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. 1999இல் வந்த அந்த நாவலின் மெலிண்டாவும் மனத்துக்குள் மறுக்கிறாள், சொல் வெளியே வரவில்லை. போலீசை அழைக்கிறாள், ஏன் அழைத்தாள் என்று சொல்ல முடியவில்லை. பள்ளியே அவளை ஒதுக்குகிறது. மதிப்பெண் சரிகிறது, பெற்றோர் அதற்குத் திட்டுகிறார்கள். 13 வயதில் தனக்கும் இந்தக் கொடுமை நடந்ததை நூலாசிரியரே 2019இல் எழுதினார். கடைசியில் அதே பையன் மறுபடி அவளை மடக்கும்போது மெலிண்டா கத்துகிறாள். உங்கள் மகள் தேடிய பதில் அந்தப் பக்கங்களில் இருந்தது. பாதியில் பிடுங்கிக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டீர்கள்.

இளையர் நாவல்கள் எல்லாமே நல்லவை என்று நான் சொல்லமாட்டேன். விரட்டி விரட்டி வருகிறவனையும், வேண்டாம் என்றவளைச் சுவரோரம் நிறுத்தி முத்தமிடுகிறவனையும் காதலனாக்கும் கதைகள் நிறைய வருகின்றன. பயப்படுவதென்றால் அவற்றுக்குப் பயப்படுங்கள். கெடுத்தவனுக்கே கட்டிவைக்கும் பஞ்சாயத்தை நாம் குடும்பத்தோடு உட்கார்ந்து திரையில் பார்த்தோம். அப்போது யாரும் புகார் எழுதவில்லை.

புகார் வேண்டாம். இன்றிரவே மகளிடம், “அன்னிக்கு அம்மா சொன்னது தப்பு” என்று நேராகச் சொல்லுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம், துருவவும் வேண்டாம். புத்தகத்தை மறுபடி எடுத்து வாருங்கள், நீங்களும் படியுங்கள். அவள் ஏதாவது சொன்னால் நம்புங்கள். வன்முறைக்கும் பாலியல் தொல்லைக்கும் ஆளானவர்களுக்காக 24 மணி நேரமும் எடுக்கும் தேசிய உதவி எண் 1800-777-0000. பெண்கள் உரிமைக்கான அவேர் அமைப்பு நடத்தும் பாலியல் வன்கொடுமைப் பராமரிப்பு மையத்தையும் நாடலாம். சிங்கப்பூரில் இத்தனை வருடத்துக்குள் போலீசில் சொல்ல வேண்டும் என்ற கெடு கிடையாது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடச் சட்டம் அனுமதிப்பதில்லை. “ஊருக்குத் தெரிந்துவிடுமே” என்று அடக்கிவைக்காதீர்கள்.

அப்புறம், மகன். அவன் படிக்காததில் உங்களுக்கு நிம்மதி. எனக்கோ அதுதான் கவலை. எதிரில் நிற்பவள் பேசாமல் இருந்தால் அது சம்மதம் ஆகாது என்று அவனுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? அதை அவன் அப்பா சொல்லட்டும். உங்கள் கடிதத்தில் அவர் ஒரு வரியில்கூட வரவில்லை. இந்த வாரமே மகனை உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள்.