பாட்டுப் பெட்டி: வாசகர் கேள்விகள்

கேள்வி: 'லயன் கிங்' படத்தில் வரும் சிங்கப் பாட்டை என் பேத்தி நாள் முழுக்கப் பாடுகிறாள். அந்தப் படத்துக்காகவே போட்ட மெட்டா அது? நடுவில் 'விமோவே, விமோவே' என்கிறார்களே, அதற்கு என்ன அர்த்தம்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லை அம்மா. படம் வந்தது 1994-இல். அப்போதே அந்த மெட்டுக்கு வயது 55.

ஜோகன்னஸ்பர்க்கில் 1939-இல், ஸாலமன் லிண்டா என்ற ஜூலு இனப் பாடகர் தன் 'ஈவினிங் பேர்ட்ஸ்' குழுவோடு 'இம்பூபே' என்றொரு பாட்டைப் பதிவு செய்தார். இம்பூபே என்றால் சிங்கம். கூட்டாளிகள் கீழ்க்குரலில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பாட, லிண்டா மட்டும் அவர்கள் தலைக்கு மேலே கூவிக்கொண்டு போவார். மூன்றாவது டேக் முடியப் போகிற நேரம். ஒத்திகையில் இல்லாத ஒரு சின்ன மெட்டு அவர் தொண்டையிலிருந்து தானாக வந்து விழுந்தது. உங்கள் பேத்தி பாடுவது அந்தச் சில விநாடிகளைத்தான்.

அந்த இசைத்தட்டு அமெரிக்காவில் நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் கைக்குப் போனது. பின்னால் பாடுகிறவர்கள் சொன்னது 'உயிம்பூபே', அதாவது 'நீ சிங்கம்'. சீகர் காதில் அது 'விமோவே' என்று விழுந்தது. அப்படியே எழுதி, தன் 'வீவர்ஸ்' குழுவோடு பாடினார். 1952-இல் அது ஹிட். 1961-இல் ஜார்ஜ் டேவிட் வைஸ் ஆங்கில வரிகள் எழுத, 'டோக்கன்ஸ்' குழு பாடி அமெரிக்காவில் முதலிடம். 1982-இல் 'டைட் ஃபிட்' குழு பாடி பிரிட்டனிலும் முதலிடம். டோக்கன்ஸ் பாட்டு எனக்கும் பிடிக்கும், அந்த உச்சக்குரலுக்காக. ஆனால் அதன் வரிகளில் சிங்கம் தூங்குகிறது. லிண்டாவின் சிங்கம் விழித்திருக்கிறது. அந்த ஜூலு மிடுக்கு குறையாமல் பாடியவர் தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மகேபா.

லிண்டாவுக்குக் கிடைத்தது? பாட்டின் உரிமையைப் பத்து ஷில்லிங்குக்கு விற்றிருந்தார். இதை எழுதும்போது இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை. இசைத்தட்டுக் கம்பெனியிலேயே கூலி வேலை பார்த்தவர், 1962-இல் வறுமையில் இறந்தார். கல்லறைக்குக் கல் வைக்கக்கூடக் குடும்பத்துக்கு வழியில்லை.

2000-இல் ரியான் மலான் என்ற தென்னாப்பிரிக்கப் பத்திரிகையாளர் இந்தக் கதையை விரிவாக எழுதினார். பிறகு வழக்கறிஞர்கள் 1911-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் காப்புரிமைச் சட்டத்தில் ஒரு விதியைக் கண்டெடுத்தார்கள்: எழுதிக் கொடுத்த உரிமை, படைத்தவர் இறந்து 25 ஆண்டு கழித்து வாரிசுகளுக்கே திரும்பும். அதை வைத்து வழக்குப் போட்டு, 2006-இல் சமரசம் ஆனது. லிண்டாவின் மகள்களுக்குப் பணம் வந்தது.

பேத்திக்கு அந்த 1939 பதிவைப் போட்டுக் காட்டுங்கள். கரகரவென்றுதான் ஒலிக்கும். அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள், தன் மெட்டு கடைசியில் வரும்போது அவளே கண்டுபிடித்துவிடுவாள்.